தம்பி எதற்காக ஒலிபெருக்கி தேடினார்

தம்பி பிறந்தது யட்டியாந்தோட்டைக்கு மேலே உள்ள ஓர் இறப்பர்த் தோட்டத்தில், துரை பங்களாவின் குசினிக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில். அப்பா அந்தப் பங்களாவின் சமையல்காரர். அம்மா இறப்பர் மரங்களில் பால் வெட்டினார். நான் மூத்தவன். அவர் எனக்கு நான்கு வயது இளையவர்.

இளையவரை நான் ‘அவர்’ என்று எழுதுவதைப் பார்த்து உறவினர்கள் சிலர் வியக்கலாம். உயிரோடு இருந்தவரை ‘வாடா, போடா’ என்றுதான் அழைத்தேன். அவர் தாத்தாவான பிறகும் அப்படித்தான், பிறர் முன்னிலையிலும் அப்படித்தான். இந்தச் சில பக்கங்களில் மட்டும் அவ்வாறு எழுத எனக்குக் கை வரவில்லை.

முதலாம் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் ஒன்று போடலாம் என்று தம்பியின் மகள் கவிதா வந்து கேட்டாள்.

“பெரியப்பா, நம்ம குடும்பத்துல படிச்சவங்க நீங்கதான். அப்பாவப் பத்தி நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. சின்ன வயசுக் கதையெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும்.”

“எழுதுறேம்மா. நல்லதா இருக்குமான்னு தெரியாது.”

“அப்பாவப் பத்தி என்னா கெட்டது இருக்கு எழுதுறதுக்கு?”

“அப்பாவப் பத்தி ஒன்னும் இல்ல” என்றேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் தேநீர் ஊற்றப் போய்விட்டாள்.

மற்றவர்கள் எழுதிக் கொடுத்தவற்றையும் எழுத்துப் பிழை பார்ப்பதற்காக என்னிடம் தந்திருந்தாள். தம்பியின் உழைப்பு, பெக்டரியில் அவர் மோட்டார்களைச் சுற்றிக் கொடுத்த திறமை, சிங்களவர் முஸ்லிம்கள் எல்லோரோடும் அவர் பழகிய விதம், எல்லாம் இருந்தன. மருமகன் ஒருவர், பழைய ஸ்பீக்கர் சேர்ப்பது அவருடைய ‘விசித்திரமான பொழுதுபோக்கு’ என்று எழுதியிருந்தார். இன்னொருவர் அன்போடு ‘எங்கள் பொட்டி மாமா’ என்று தொடங்கியிருந்தார். கவிதா தன்னுடைய பக்கத்தில், அப்பா நாற்பது வருடங்களுக்கு மேலாகத் தேடிய பெட்டியைத் தேடிக் கொடுத்த ஸாஹிர் நாநாவின் குடும்பத்துக்கு நன்றி சொல்லியிருந்தாள்.

இந்த மூன்று இடங்களிலும் நான் பேனாவை வைத்துவிட்டேன். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. ஆனால் ‘பொட்டி’ என்ற பட்டத்தைச் சூட்டியது நான். அந்தத் தேடலுக்குக் காரணமானவன் நான். பெட்டியை ஸாஹிர் நாநா தேடிக் கொடுக்கவில்லை.

அதனால் தொடக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் சிறு வயதில் அந்தப் பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரை தனியாள். அவருடைய பெரிய அறையில் இரண்டு ஒலிபெருக்கிகள் இருந்தன. இடுப்பளவு உயரம். வாதுமை மரப் பலகை. முன்புறம் தடித்த துணி. லண்டனில் ஒரு சிறு பட்டறைக்காரர் செய்தவை. நூறு ஜோடிகூடச் செய்யாமல் அந்தப் பட்டறையை மூடிவிட்டார்களாம். ஒவ்வொரு பெட்டியின் பின்புறமும் பித்தளைத் தகட்டில் எண் வெட்டியிருந்தது. துரையுடையது இருபத்தேழாவது ஜோடி. ஒன்றில் ‘27 எல்’, மற்றதில் ‘27 ஆர்’. இடமும் வலமும். ஒரே மரத்தின் பலகையை இரண்டாகப் பிளந்து இரண்டு பெட்டிக்கும் போட்டிருந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மரத்தின் ரேகை ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகும்.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. நான் கேகாலையில் போர்டிங்கில் இருந்து படித்தேன். தம்பிக்குத் தெரியும். அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டு, அப்பாவுக்குக் கையாளாகப் பங்களாவுக்குப் போனவர். அந்தப் பெட்டிகளைத் தூசி தட்டுவது அவருடைய வேலை. துரை இசைத்தட்டுப் போடும்போது இவர் கதவோரத்தில் நிற்பதைக் கண்டு, ஒரு நாள் உள்ளே கூப்பிட்டுப் பாய் விரிப்பில் சரியான இடத்தைக் காட்டி உட்காரவைத்தாராம். அந்த இடத்தில் உட்கார்ந்தால் பாடுகிறவர் இரண்டு பெட்டிக்கும் நடுவில் நின்று பாடுவதுபோல் இருக்கும். நடுவில் ஒன்றும் இல்லை, வெறும் சுவர்தான். ஆனாலும் ஆள் அங்கே நிற்பார்.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த காலத்தில் துரை நாட்டை விட்டுப் போனார். போகிற அன்று அந்த ஜோடியையும் அதை ஓட்டுகிற வால்வு அம்ப்ளிஃபையரையும் கொடுத்துவிட்டுப் போனார். கொடுத்தது அப்பாவின் கையில். யாருக்காகக் கொடுத்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

புதிதாக வந்த மேனேஜரும் அப்பாவையே சமையலுக்கு வைத்துக்கொண்டதால், குசினிக்குப் பின்னாலிருந்த அறையும் பங்களாவிலிருந்து அதற்கு வந்த மின்சாரமும் எங்களுக்கே இருந்தன. ஞாயிறு பகலில் வேலை முடிந்ததும் அப்பாவும் தம்பியும் பெட்டிகளுக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார்கள். நான் ஆசிரிய கலாசாலைப் பரீட்சையில் முதலாவதாக வந்த செய்தியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தேன். அப்பா திரும்பிப் பார்க்காமல் கையை உயர்த்தி, “இருப்பா, இந்தப் பாட்டு முடியட்டும்” என்றார். பாட்டு முடிந்ததும் மிகவும் சந்தோஷப்பட்டார், கண்கூடக் கலங்கினார். எனக்கு அந்த உயர்த்திய கை மட்டும்தான் நினைவில் நின்றது. இருபத்து நான்கு வயதில் அவ்வளவு சிறிய காரியத்தை மனதில் வைத்திருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. வைத்திருந்தேன்.

அப்பா தவறியபோது கருமாதியன்றே பங்கு பிரித்தார்கள். எங்கள் தோட்டத்தில் அதுதான் வழக்கம். உறவுகள் கலைந்து போகுமுன், சாப்பாடு முடிந்த கையோடு, சாமான்களை வாசலில் கொண்டுவந்து வைத்துப் பெரியவர்கள் முன்னால் பிரித்துவிடுவார்கள். பிறகு யாரும் யாரையும் குறை சொல்லக் கூடாது என்பதற்காக. தோட்டத் தலைவர் நடுவில் பாக்கு உரலோடு உட்கார்ந்திருந்தார்.

“மாடு பெரியவனுக்கு. தையல் மெசின் சின்னவனுக்கு. சரிதானே? அடுத்தது இந்தப் பொட்டி. ரெண்டு இருக்கு, ஆளும் ரெண்டு. இதுல என்னா கஷ்டம், ஆளுக்கு ஒன்னு.”

தம்பி எழுந்து நின்றார். “தலைவரே, அது ரெண்டு இல்லீங்க. ஒன்னுதான்.”

“என்னடா இது, எனக்குத்தான் கண்ணு மங்கிருச்சா? இங்க ரெண்டு நிக்கிதே.”

“ஜோடிங்க அது. செருப்பு மாதிரி. ஒன்ன மட்டும் வச்சு ஒன்னும் செய்ய முடியாதுங்க.”

“அப்ப ஆளுக்கு ஒரு செருப்ப மாட்டிக்கிட்டு நொண்டுங்க” என்றார் எங்கள் சித்தப்பா. வாசலில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். கருமாதி வீட்டில் அதுதான் முதல் சிரிப்பு.

தம்பி என்னிடம் வந்தார். “அண்ணே, ரெண்டையும் நீங்களே எடுத்துக்குங்க. அம்ப்பையும் எடுத்துக்குங்க. பிரிக்க மட்டும் வேணாம். நான் லீவு நாளுல வந்து கேட்டுட்டுப் போறேன்.”

நான் படித்தவன். ஜோடி என்றால் என்ன என்று அங்கே இருந்தவர்களில் தம்பிக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். “ரெண்டும் அவனுக்கே இருக்கட்டும் தலைவரே” என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் சொன்னது இது:

“பங்குன்னா பங்குதாண்டா. உன் பங்கு எனக்கு வேணாம். என் பங்கு எனக்கு வேணும்.”

“படிச்ச புள்ளன்னா இப்பிடித்தான் ஞாயமா இருக்கணும்” என்று தலைவர் பாக்கை இடித்தார். நான் அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டேன்.

‘27 ஆர்’ என்னோடு தெரணியகலைப் பக்கம், நான் படிப்பித்த தோட்டப் பாடசாலையின் விடுதிக்கு வந்தது. என்னிடம் அம்ப்ளிஃபையர் இல்லை. அதைக் கேட்க வேண்டும் என்ற ஆசையும் இல்லை. மூலையில் வைத்து மேலே பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பிகளை அடுக்கினேன். தம்பி அப்போது குருவிட்டவில் ஒரு தேயிலைப் பெக்டரியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்திருந்தார். மாதம் ஒரு முறை என்னைப் பார்க்க வருவார். வந்ததும் கொப்பிகளை இறக்கி வைத்துவிட்டு, பெட்டியைத் துணியால் துடைத்து, முன் துணியை விலக்கிக் கூம்புக் காகிதத்தை விரல் நுனியால் தொட்டுப் பார்ப்பார். போகும்போது கொப்பிகளை வேறு இடத்தில் வைத்துவிட்டுப் போவார். நான் மறுநாள் திரும்ப அடுக்குவேன்.

“ஒரு மாசத்துக்கு இரவலாக் குடுங்கண்ணே. நானே தூக்கிட்டு வந்து வச்சிருறேன்.”

“பாப்பம்.”

ஒவ்வொரு மாதமும் ‘பாப்பம்’ என்றேன். அவர் ஒவ்வொரு மாதமும் ‘சரிங்கண்ணே’ என்றார்.

பாடசாலை அதிபர் பதவிக்கு என் பெயர் பரிசீலனையில் இருந்த வருடம், கல்விக் கந்தோர் அதிகாரி ஒருவர் பாடசாலையைப் பார்வையிட வந்தார். விடுதியில் தேநீர் குடிக்கும்போது பெட்டியைப் பார்த்து, “அருமையான மரம்” என்றார். அவ்வளவுதான் சொன்னார். கேட்கவில்லை, கையால் தொடக்கூட இல்லை. அடுத்த வாரம் நானாகவே ஒரு வேன் பிடித்து, அதைக் கலவானையில் இருந்த அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் இறக்கினேன். வேண்டாம் என்றுதான் சொன்னார். நான்தான் விடவில்லை. பதவி கிடைத்தது. நான் கலவானைக்குப் போவதற்கு முன்பே பதவிப் பட்டியலில் கையெழுத்தாகியிருந்தது என்பது பிறகு தெரியவந்தது.

தம்பி அடுத்த தடவை வரும்போது என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். ‘பாடசாலையில் வேலை’ என்று இரண்டு மாதம் அவரை வரவிடாமல் தள்ளிப் போட்டேன். அதற்குள் இனக் கலவரம் வந்தது.

எங்கள் பக்கத்துத் தொழிலாளர் லயங்களுக்குத் தீ வைக்க ஆட்கள் வந்தபோது நாங்கள் இறப்பர்க் காட்டுக்குள் ஓடினோம். இரண்டு லயங்களும் என் விடுதியும் எரிந்தன. அந்தத் தோட்டத்தில் எத்தனையோ குடும்பங்கள் தாலிக்கொடியையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரே தீயில் இழந்தன. மூன்றாம் நாள், பஸ் ஓடாத பாதையில், தம்பி தலையில் அரிசி மூட்டையோடு நடந்து வந்து சேர்ந்தார். வழியில் எத்தனை இடத்தில் பதுங்கினார் என்று என்னிடம் சொல்லவே இல்லை. என் மனைவியையும் பிள்ளைகளையும் ஒவ்வொருவராகத் தொட்டுப் பார்த்தார். பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

நானாகவே சொன்னேன். “உன் பொட்டியும் போச்சுடா. எரிஞ்சிருச்சு.”

“விடுங்கண்ணே. ஆளுங்க இருக்கீங்க, அது போதும்” என்றார். பிறகு சாம்பல் மேட்டின் பக்கம் போய்ப் பித்தளைத் தகடு கிடைக்கிறதா என்று குச்சியால் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி, “அத விடுங்க கொழுந்தனாரே, கால் சுட்டுரும்” என்று கத்தினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அயலவர்கள் உண்மையிலேயே இழந்தவற்றோடு என் பொய்யையும் சேர்த்து வைத்தேன். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று தெரிந்தே செய்தேன்.

தம்பியின் ‘பொழுதுபோக்கு’ அதற்குப் பிறகுதான் தொடங்கியது.

தன்னிடமிருந்த பெட்டியின் ஜோடி எரிந்துவிட்டது என்று அவர் நம்பினார். ஆனால் அந்தப் பட்டறைக்காரர் செய்த வேறு பெட்டிகள் இலங்கையில் இருக்கலாம். எங்கேயாவது இன்னொருவரின் ஜோடியும் பிரிந்து, வலது பக்கம் மட்டும் தனியாக நிற்கலாம். முழுப் பொருத்தம் வராது, ஆனாலும் ஓரளவு வரும். இதுதான் அவருடைய கணக்கு. ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறுவார். மூடிக் கிடந்த பங்களாக்கள், துரைமார் கிளப்புகள், இரத்தினபுரியில் மாணிக்கக்கல் வியாபாரிகள் வாங்கி நிரப்பிய வீடுகள், எல்லா இடத்திலும் போய்ச் சிங்களத்திலும் தமிழிலும் கேட்பார். அந்தப் பட்டறையின் பெட்டி கிடைக்கவில்லை. மற்ற அரிய பெட்டிகள் கிடைத்தன. குறைந்த எண்ணிக்கையில் செய்யப்பட்டவை, எண் வெட்டியவை, செய்தவர் உள்ளே கையெழுத்துப் போட்டவை. ஓவர்டைம் சம்பளத்தில் அவற்றை வாங்கினார். பழுது பார்த்தார். கூம்புகளுக்கு ஓரம் ஒட்டினார்.

அவரிடம் ஒரு விதி இருந்தது. ஜோடியைப் பிரித்து வாங்க மாட்டார், பிரித்து விற்கவும் மாட்டார். ஒற்றைப் பெட்டி கிடைத்தால் அதன் மற்றப் பாதி யாரிடம் இருக்கிறது என்று தேடுவார். கண்டுபிடித்தால் தன்னிடம் உள்ளதை அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். கண்டிக்கு, மாத்தளைக்கு, ஒரு முறை சிலாபத்துக்கு, பஸ்ஸின் பின் சீட்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார். எதற்கு இப்படி என்று கேட்டால், “பிரிஞ்சு கெடக்கிறத அப்பிடியே விட்டுட்டு வர முடியலண்ணே” என்பார். அப்படி அவர் சேர்த்து வைத்த ஜோடிகள் பதினொன்று. அவரிடமே தங்கிய முழு ஜோடிகள் ஐந்துதான்.

இரத்தினபுரியில் பழைய சாமான் கடை வைத்திருந்த ஸாஹிர் நாநா அவருடைய உற்ற நண்பர். நாநா இவரைக் கண்டதும், “வாங்க கலியாணத் தரகர்! இன்டக்கி மாப்புள தேடுறியளா, பொண்ணு தேடுறியளா?” என்பார். அந்தக் கேலி எனக்குப் பிடித்துப்போனது. ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் உட்கார்ந்தபடி எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன்: “என் தம்பி சொந்தப் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்கல, பொட்டிக்குப் பாத்துக்கிட்டு அலையிறான். பொட்டிப் பைத்தியம்.” சாம்பார் வாளி வைத்திருந்தவர்கூடக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். தம்பியும் சிரித்தார். கவிதாவுக்கு அப்போது பதினெட்டு வயதிருக்கும். அவள் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். உங்களில் பலர் அந்தப் பந்தியில் இருந்தீர்கள். அன்றிலிருந்து அவர் உங்களுக்குப் ‘பொட்டிக்காரர்’, ‘பொட்டி மாமா’.

கல்யாண வீட்டுக் கேலியை அவர் எப்போதோ மறந்திருப்பார். அதைவிட மோசமானது ஒன்று உண்டு.

அந்த வருடங்களில் ஒரு நாள் தம்பி மூச்சிரைக்க என் வீட்டுக்கு வந்தார். “அண்ணே, கலவானையில ஒரு பழைய கல்வி அதிகாரி வீட்டுல பெரிய மரப் பொட்டி ஒன்னு தனியா நிக்கிதாம். நாநா கண்டிருக்காரு. தூரத்துல இருந்து பாத்ததாம், ஆனா அளவு சரியா வருது. உங்களுக்கு அவரத் தெரியுமா? ஒரு கடிதம் குடுங்களேன், நான் போயிப் பாத்துட்டு வந்துர்றேன்.”

அரை நிமிடம்கூட யோசிக்கவில்லை நான். “அவரு வீட்டுக்கு நான் போயிருக்கேன்டா. ஜப்பான் சாமான் அது, புதுசு. வீணா அலையாத.”

“பின்னால தகடு பாத்தீங்களா?”

“நான் என்ன கண்ணு தெரியாதவனா? ஜப்பான் சாமான்னு சொல்றேன்ல.”

“சரிங்கண்ணே.”

அவர் போகவே இல்லை. நான் சொன்னால் அவருக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. குருவிட்டவிலிருந்து கலவானைக்குப் போக அரை நாள்கூட ஆகாது. அந்த அரை நாளை அவருக்கு நான் இல்லாமல் ஆக்கிவிட்டேன். பிறகு இருபது வருடங்களுக்கும் மேலாக அவர் ஊர் ஊராகத் தேடினார். நாநாவும் மௌத்தாகி அடக்கமானார். நான் ஓய்வு பெற்றேன், பிரியாவிடைக் கூட்டத்தில் நேர்மையைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினேன்.

மூன்று வருடங்களுக்கு முன் தம்பியின் சிறுநீரகம் பழுதானது. வாரத்தில் இரண்டு நாள் இரத்தம் சுத்திகரிக்க இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு நாள் கட்டிலருகே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். நான் சொல்வது எதற்கும் பதில் வரவில்லை. அவர் மனைவி மல்லிகா, “மாமா, இந்தப் பக்கம் வாங்க. அந்தக் காது அவருக்குக் கேக்காது. பெக்டரி இரைச்சல்ல போயிருச்சு. நாலஞ்சு வருசமாச்சு. யாருக்கும் சொல்ல வேணாம்னுட்டாரு” என்றார்.

மறுநாளே நான் கலவானைக்குப் போனேன். அதிகாரி இறந்து நெடுநாளாகியிருந்தது. அவருடைய மனைவி மட்டும் இருந்தார், தொண்ணூறை நெருங்கிய அம்மையார். பெட்டி முன் அறையில் அதே இடத்தில் நின்றது. மேலே பின்னல் துணி, அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சாடி. நான் எப்படித் தொடங்குவது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோதே அவர் பூச்சாடியை எடுத்துவிட்டார். “ஓக்க கெனியன்ன மாத்தயா, கொண்டுபோங்க. என் வீட்டுக்காரர் இதை ஒரு நாளும் பாட வைக்கவில்லை. இன்னொரு பெட்டி இல்லாமல் பாடாது என்று எலக்ட்ரிக் வேலை செய்யும் பாஸ் ஒருவர் சொன்னாராம். எப்போது கேட்டிருந்தாலும் கொடுத்திருப்போமே” என்று சிங்களத்தில் சொன்னார்.

எப்போது கேட்டிருந்தாலும். வழி முழுவதும் வேனில் அதையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது மல்லிகா மருந்து வாங்கப் போயிருந்தார். தம்பி தனியாக இருந்தார். வேன்காரரும் நானும் பெட்டியை உள்ளே கொண்டுவந்து வைத்தோம். தம்பி எழுந்து வந்து, அதைச் சுவரிலிருந்து திருப்பி, பின்புறத் தகட்டைக் கட்டை விரலால் துடைத்தார். வேன்காரர் போகும் வரை காத்திருந்தார்.

“எரிஞ்சிருச்சுன்னு சொன்னீங்க.”

“பொய் சொன்னேன்டா.”

“எங்க இருந்திச்சு?”

“கலவானையில.”

“அந்த ஜப்பான் சாமானா?”

“ஆமா.”

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி, பதவி, வேன், கலவரம். அவர் நல்ல காதை என் பக்கம் திருப்பிவைத்துக் கேட்டார். சொல்லி முடித்தபோது எனக்கு இலேசாக இருந்தது என்று எழுதினால் அதுவும் பொய்.

“அன்னிக்கே சொல்லியிருந்தீங்கன்னா ரெண்டு மாசம் பேசாம இருந்திருப்பேன். மிஞ்சினா ஒரு வருசம். அப்புறம் பேசியிருப்பேன். உங்கள விட்டு எங்கண்ணே போயிருவேன்?” பிறகு அவருடைய குரல் மாறியது. “எத்தன ஞாயித்துக்கெழமண்ணே! மல்லிகாவ ஒரு ஞாயித்துக்கெழம எங்கயாச்சும் கூட்டிட்டுப் போயிருக்கேனா? புள்ள பெரியவளான சாமத்திய சடங்கன்னிக்கிக்கூட பண்டாரவளையில எவன் வீட்டுலயோ நிக்கிறேன். நீங்க சாப்புட்டுக்கிட்டே பைத்தியம்னு சிரிக்கிறீங்க. தெரிஞ்சுக்கிட்டே.”

“ஆமா.”

“போங்க. இன்னிக்கி என் கண்ணு முன்னால நிக்காதீங்க. நாளைக்கி வாங்க.”

மறுநாள் போனேன். அவர் பெட்டியின் முதுகைக் கழற்றி, உள்ளே காய்ந்துபோயிருந்த இரண்டு கொண்டென்சர்களை மாற்றியிருந்தார். ‘27 எல்’, ‘27 ஆர்’ இரண்டும் எதிர்ச் சுவரில் நின்றன. மரத்தின் ரேகை ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போனது. மல்லிகாவும் கவிதாவும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். “நாநா மௌத்தாகுமுன்ன சொல்லி வச்ச எடத்துல கெடச்சதாம் பெரியப்பா! அப்பாவுக்குப் பாருங்க, எவ்வளவு சந்தோஷம்” என்றாள் கவிதா. நான் தம்பியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தனக்கு வைத்திருந்த நாற்காலியை விட்டு எழுந்து, “நீங்க இங்க உக்காருங்க” என்றார். பெட்டிகளுக்கு நேர் எதிரே, சரியான இடம் அது.

பாட்டுப் போட்டார். பழைய பாட்டு, அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டு. அவர் என் பக்கத்தில் நின்றுகொண்டு, நல்ல காதை முதலில் ஒரு பெட்டியின் பக்கமும் பிறகு மற்றதின் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு குனிந்து என்னிடம் கேட்டார்.

“நடுவுல நிக்கிறாராண்ணே?”

நின்றார். வெறும் சுவருக்கு முன்னால், இரண்டு பெட்டிக்கும் நடுவில், கை நீட்டினால் தொடலாம் என்பதுபோல ஒரு மனிதர் நின்று பாடினார். ஒற்றைக் காதோடு நிற்கிறவருக்கு அது கேட்காது. அந்த அறையில் அதைக் கேட்கத் தகுதியே இல்லாத எனக்குக் கேட்டது.

“நிக்கிறாருடா.”

“சரி” என்றார். பாட்டு முடியுமுன்பே களைத்துப்போய்க் கட்டிலுக்குப் போனார்.

அதன்பின் எட்டு மாதங்கள் இருந்தார். என்னோடு பேசினார். முன்போல இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், சாப்பிட்டுப் போகச் சொன்னார். கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போன காலையில் என் கையைப் பிடித்து, “அந்த விசயத்த யாருக்கும் சொல்லாதீங்க. பிரின்சிபல்னு பேரு வச்சிருக்கீங்க. அது கெட்டுப் போயிரும். பொட்டி நாநாவால கெடச்சதாவே இருக்கட்டும்” என்றார். அதுவும் எனக்காகத்தான். நான்கு நாட்களில் அமைதியாகப் போய்விட்டார்.

தம்பியின் கடைசிக் காலத்தில் துணை நின்றவர்களுக்குக் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்ல வேண்டியது மூத்தவனின் கடமை. இரத்தினபுரி ஆஸ்பத்திரியின் சுத்திகரிப்புப் பிரிவில் அவரைச் சிங்களத்தில் ‘தாத்தே’, அதாவது அப்பா, என்று அழைத்த தாதிமாருக்கும், வாரம் இரு தடவை தவறாமல் தம்முடைய முச்சக்கர வண்டியில் அவரை ஏற்றிச் சென்ற அயல்வீட்டுப் பந்துலவுக்கும், அவர் வாங்கி வந்த பெட்டிகளைத் தூக்கியதுபோல் அவரையும் தோளில் தூக்கிச் சென்ற பெக்டரித் தோழர்களுக்கும், கருமாதிவரை சாப்பாடு கொண்டுவந்து வீட்டில் அடுப்பு எரியாமல் பார்த்துக்கொண்ட ஸாஹிர் நாநாவின் பிள்ளைகளுக்கும் நன்றி. அந்தப் பெட்டியைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் நாநாவின் குடும்பத்துக்கு நாங்கள் கடமைப்பட்டவர்கள். கலவானை அம்மையாருக்கும் நன்றி. அவருக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது.

மல்லிகாவின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் கவிதாவின் சாமத்திய சடங்குக்கும் நான் சொல்லத்தக்கது எதுவும் என்னிடம் இல்லை.

உறவினர்களே, உங்கள் ‘பொட்டி மாமா’வுக்குப் பைத்தியம் இருக்கவில்லை. அவரிடமிருந்து ஒன்று எடுக்கப்பட்டது, அதை அவர் தேடினார். எடுத்தவன் நான். இதைச் சொல்ல வேண்டாம் என்பதுதான் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது. அதையும் நான் அவருக்குச் செய்து கொடுக்கவில்லை.

இந்தத் தாள்களை உறையிலிட்டு ஒட்டாமல் கவிதாவின் கையில் கொடுக்கிறேன். மலரில் சேர்ப்பதா, கிழித்து அடுப்பில் போடுவதா என்பதை அவளும் மல்லிகாவும் தீர்மானிக்கட்டும். கிழித்தால் கேட்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் இப்போது இதை வாசித்துக்கொண்டிருந்தால் அவர்கள் கிழிக்கவில்லை. அதற்கு மேல் அதில் எந்தப் பொருளும் காண வேண்டாம். நானும் காண மாட்டேன்.

— அண்ணன்